ஜிடிஎக்ஸ் 1060-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ: பழைய கணினிக்கு எது தகும்?

மஞ்சக்குப்பத்தான்

அனைவருக்கும் வணக்கம். தம்பி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டான். வாக்குக் கொடுத்தபடி அவனுடைய கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தர வேண்டும். கணினி பழையது: ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 1080பி மானிட்டர். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கென்று 6 முனை இணைப்பு ஒன்று மட்டுமே இருக்கிறது. கையில் ஏழாயிரம் ரூபாய் உள்ளது. இரண்டு செகண்ட் ஹேண்ட் கார்டுகள் கண்ணில் பட்டிருக்கின்றன. இங்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒருவர் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கார்டை 6,000 ரூபாய்க்குத் தருகிறார். புதுச்சேரியில் ஒருவர் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டுக்கு 6,500 கேட்கிறார். தம்பி ஆடுவது பெரும்பாலும் ஜிடிஏ 5-உம் வேலரண்டும்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. எதை வாங்கலாம்?

முத்தியால்பேட்டை 8ஜிபி

தயங்காமல் ஆர்எக்ஸ் 580-ஐ வாங்குங்கள். 1060 வெளிவந்தது 2016 ஜூலையில்; 580 வந்தது 2017 ஏப்ரலில். வயதில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் தாளில் உள்ள எண்களைப் பாருங்கள். 1060-இன் மெமரி 6 ஜிபி, அதிலிருந்து தரவு போய்வரும் பாதை 192 பிட், நொடிக்கு 192 ஜிபி கடத்தும். 580-இன் மெமரி 8 ஜிபி, பாதை 256 பிட், நொடிக்கு 256 ஜிபி கடத்தும். வெளிவந்த காலத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடின என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டையும் கார்டையும் இணைக்கும் புதிய மென்பொருள் முறைகளான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகியவற்றை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் பெருகப் பெருக 580 முன்னே வந்துவிட்டது. உங்கள் தம்பி ஆசைப்படும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஏ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 1060 பின்தங்குவதைப் பலரும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருட்களின் மேற்பரப்பாகத் தெரியும் டெக்ஸ்சரின் தரத்தைக் கூட்டுவதற்குக் கார்டின் வேகம் அவ்வளவாகத் தேவைப்படாது, மெமரிதான் வேண்டும். கூடுதலாக 500 ரூபாய் கொடுத்து 2 ஜிபி மெமரியை வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதுநகர் சால்டரிங்

முத்தியால்பேட்டை நண்பர் எண்களைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் கேள்வி கேட்டவர் எழுதிய ஒரு வரியைப் படிக்காமல் தாண்டிவிட்டார். எஸ்எம்பிஎஸ்ஸில் 6 முனை இணைப்பு ஒன்றுதான் இருக்கிறது.

1060-க்கு 120 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், 6 முனை இணைப்பு 75 வாட், ஆக 150 வாட் கிடைப்பதால் அது நிம்மதியாக ஓடும். 580-க்குக் குறிக்கப்பட்டிருப்பதே 185 வாட். கார்டு நிறுவனங்கள் கடிகார வேகத்தைக் கூட்டி விற்றவை அதையும் தாண்டும். ஆகவே பெரும்பாலான 580 கார்டுகளில் 8 முனை இணைப்பு இருக்கும். இல்லாத இணைப்புக்கு நம் ஊரில் என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்: ஐம்பது ரூபாய்க்கு ஒரு மாற்று வயரை வாங்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் முனையில் செருகிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு அப்படி ஒரு கணினி என் மேசைக்கு வந்தது. புகார் என்னவோ, விளையாட்டின் நடுவே டிஸ்ப்ளே போய்விடுகிறது என்பதுதான். மூடியைத் திறந்தபோதே கருகிய நெடி அடித்தது. மோலெக்ஸின் நான்கு குழிகளில் மஞ்சள் வயர் போகும் குழி மட்டும் பழுப்பேறி இளகிப் போயிருந்தது. வயரைப் பிடித்து இழுத்தபோது உள்ளேயிருந்த உலோக முனை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அந்த வீட்டில் தீப்பிடிக்காதது அவர்களுடைய நல்ல நேரம்.

580 வாங்குவதானால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும், அது மூவாயிரத்துக்குக் குறையாது. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 6,000-ஐயும் 6,500-ஐயும் அல்ல, 6,000-ஐயும் 9,500-ஐயும்.

முத்தியால்பேட்டை 8ஜிபி

ஐயா, அந்த வரியை நான் கவனிக்கவில்லை, தவறு என்னுடையதுதான். மாற்று வயர் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் பத்து ஆண்டுப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எந்தக் கார்டு வாங்கினாலும் மாற்றத்தான் வேண்டும் என்பேன். அந்தச் செலவை 580-இன் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது. மேலும் 580-இன் வோல்டேஜைச் சற்றுக் குறைத்து வைத்தால் வேகம் குறையாமலே முப்பது நாற்பது வாட் மிச்சமாகும். நானே மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நெல்லிக்குப்பம் கரும்பு

மின்கட்டணத்தைப் பற்றி யாராவது பெரிதாக எழுதுவதற்குள் நான் கணக்கைப் போட்டுவிடுகிறேன். இரண்டுக்கும் வேறுபாடு 65 வாட். நாளுக்கு 3 மணி நேரம் என்று 60 நாள் ஆடினால் 11.7 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 60 ரூபாய்கூட வராது. கடலூரில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: உங்கள் வீட்டுப் பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் என்கிற அளவில் நிற்குமானால் இந்தப் பன்னிரண்டு யூனிட் உங்களை 500-க்கு மேலே தள்ளிவிடும், அப்போது கீழ்ப்படியில் உள்ள யூனிட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் உயரும். ஏசி உள்ள வீட்டில் கோடையில் இது நடக்கக்கூடியதே.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தம்பி கல்லூரிக்குப் போகப் போகிறான். அனிமேஷனோ வடிவமைப்போ படிக்க நேர்ந்தால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தேவைப்படும். அதில் கார்டைக் கொண்டு படத்தை ஆக்குவதற்கு, அதாவது ரெண்டர் செய்வதற்கு, ஏஎம்டி கார்டுகளுக்குத் துணையாக இருந்த ஓப்பன்சிஎல் வழியை 2021 இறுதியில் வந்த 3.0 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த வழியில் 580-க்கு இடமே இல்லை. நான் இதைத் தெரிந்துகொண்டது என் 580-ஐ வாங்கிய பிறகு. ரெண்டர் செய்ய கார்டைத் தேர்ந்தெடுக்கப் போனால் பட்டியல் காலியாக இருந்தது. அன்றைக்கு ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. 1060-இல் என்விடியாவின் ‘கூடா’ (CUDA) வழியாக ரெண்டர் செய்திருக்கலாம்.

வில்லியனூர் பெங்குவின்

எல்லோரும் விண்டோஸை மனத்தில் வைத்தே பேசுகிறீர்கள். நான்காம் தலைமுறைப் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினிக்கு இயல்பாக எஞ்சியிருப்பது லினக்ஸ்தான், லினக்ஸில் 580-க்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தேடவே வேண்டாம். கார்டைச் செருகிக் கணினியைத் தட்டினால் திறந்த மூல டிரைவர் தானாக எடுத்துக்கொள்ளும். என்விடியாவின் திறந்த மூல கெர்னல் டிரைவரில் 1060-இன் தலைமுறை சேர்க்கப்படவே இல்லை; பழைய மூடிய டிரைவரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

முதுநகர் சால்டரிங்

வேலரண்ட் ஆடும் பையனுக்கு லினக்ஸா? அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது.

விண்டோஸில் டிரைவர் நிலைமை இதுதான். ஏஎம்டி 2023-லேயே 580-இன் தலைமுறையைத் தனிக் கிளைக்கு ஒதுக்கி, அவசியமான திருத்தங்கள் மட்டும் என்று சொல்லிவிட்டது. என்விடியா 1060-க்கான விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறது. இரண்டுமே ஓய்வூதியக்காரர்கள்தாம், ஒருவர் சற்றுத் தாமதமாக ஓய்வு பெற்றார், அவ்வளவே.

பிராசசரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐ5-4460-இல் நான்கு கோர், நான்கு திரெட்; அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைத்தான் செய்யும். டைரக்ட்எக்ஸ் 11 விளையாட்டுகளில் ஏஎம்டி டிரைவர் வேலையின் பெரும்பகுதியை ஒரே திரெட்டின் மேல் சுமத்தும். என்விடியா டிரைவர் பகிர்ந்து கொடுக்கும். தம்பி நாள்தோறும் ஆடும் ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு டைரக்ட்எக்ஸ் 11. வலுவான பிராசசரில் 580 பெறும் முன்னிலை இந்தக் கணினியில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை 8ஜிபி

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். டைரக்ட்எக்ஸ் 12-இல் இதே கதை தலைகீழாகிறது. அங்கே பிராசசருக்கு அதிகச் சுமை தருவது என்விடியா டிரைவர்தான். தம்பி ஆடப் போவது நேற்றைய விளையாட்டுகளை மட்டுமா? சைபர்பங்க் 2077-இன் திருத்திய குறைந்தபட்சத் தேவையில் 1060-இன் 6 ஜிபி கார்டும் 580-இன் 8 ஜிபி கார்டும் ஒரே வரியில் நிற்கின்றன. விளையாட்டை ஆக்கியவர்களே சமமாகக் கருதும்போது, மெமரி கூடுதலாக உள்ளதை வாங்குவதுதானே அறிவு?

கடைசியாக ஒன்று. அந்த 1060 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று தின்ற கார்டை வாங்கச் சொல்கிறீர்களே?

முதுநகர் சால்டரிங்

முத்தியால்பேட்டையில் மட்டும் கடல் இல்லையா, நண்பரே?

உப்புக்காற்றைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பின்பக்க இரும்புப் பட்டையில் துரு, ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி, திருகுகளின் தலையில் பழுப்பு நிறம். பட்டை மட்டும் துருப்பிடித்திருந்தால் கவலை இல்லை. மெமரி சிப்புகளின் ஓரங்களைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

எனக்கு உப்பைவிட மைனிங்தான், அதாவது கார்டை ஓட்டி எதீரியம் போன்ற கிரிப்டோ நாணயம் எடுப்பதுதான் அச்சம். எதீரியம் எடுத்தவர்கள் 580-ஐத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். நீங்கள் பெருமையாகச் சொன்ன அதே 256 பிட் பாதைதான் காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் முறை மாறி மைனிங் நின்றதும் அவை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. கோரின் வேகத்தைக் குறைத்து ஓட்டியிருப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் மெமரியை முறுக்கி, கார்டில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, ஃபேனை ஆண்டுக் கணக்கில் இரவுபகலாகச் சுழலவிட்டிருப்பார்கள். 1060-உம் மைனிங்குக்குப் போனதுண்டு, ஆனால் இந்த அளவுக்கு அல்ல.

ஆர்எக்ஸ் 580 என்ற அதே பெயரில் 2018-இல் சீனச் சந்தைக்கென்று இன்னொரு கார்டும் வந்தது. உண்மையான 580-இல் ஷேடர் எனப்படும் கணக்கிடும் சிறு கோர்கள் 2304. அதில் 2048 மட்டுமே. பெயர் 580, உள்ளே இருப்பது 570. மஞ்சக்குப்பத்துத் தம்பி, எதை வாங்கப் போனாலும் ஒரு பென் டிரைவில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை எடுத்துச் செல்லுங்கள். கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுச் சந்தையில் சட்டையை உதறிப் பார்த்து வாங்குவதுபோல் வாங்க முடியாது.

மஞ்சக்குப்பத்தான்

நேற்று இரண்டையும் பார்த்துவிட்டேன். காலையில் தம்பியோடு பேருந்தில் புதுச்சேரிக்குப் போனேன். விற்றவர் மரியாதையாகவே பேசினார். கார்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஜிபியு-இசட்டைத் திறந்தால் மெமரி 8 ஜிபி, பாதை 256 பிட், ஷேடர் 2048. காட்டியபோது, தமக்கும் இப்படித்தான் விற்றார்கள் என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் என்று தோன்றவில்லை. 4,500-க்குத் தருவதாகவும் சொன்னார். 8 முனை இணைப்பு வேறு இருந்தது. வந்துவிட்டேன்.

மாலையில் தேவனாம்பட்டினம். பட்டையில் துரு இருந்தது. சிப்புகளின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. கோர் எண்ணிக்கை 1280 என்று காட்டியது, ஆகவே 3 ஜிபி வகையின் 1152 அல்ல. ஃபர்மார்க்கில் பத்து நிமிடத்துக்குள் 83 டிகிரியைத் தொட்டது, இரண்டு ஃபேன்களில் ஒன்று கரகரவென்று சத்தம் போட்டது. ஃபேனைக் காட்டி 5,200-க்கு முடித்தேன். சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றியபின் 74-இல் நிற்கிறது.

முத்தியால்பேட்டை 8ஜிபி

ஒருவர் வைத்திருந்தது போலிப் பெயர் கொண்ட கார்டு என்பதால் 580 தோற்றுவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் 4,500-க்கு அந்த 2048 கார்டைக்கூட நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். நீங்கள் திரும்பி வந்தது சரி. ஜிடிஏ 5 எப்படி ஓடுகிறது?

மஞ்சக்குப்பத்தான்

1080பி, ஹை அமைப்பில் ஆளில்லாத இடங்களில் நொடிக்கு 60 ஃபிரேமில் அசையாமல் நிற்கிறது. நகருக்குள் வேகமாக வண்டி ஓட்டினால் 45-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது கார்டின் பயன்பாடு 60 விழுக்காடுதான், பிராசசர் 98-இல் இருக்கிறது.

முதுநகர் சால்டரிங்

அதே போர்டில் ஐ7-4770 உட்காரும். போர்டின் பயாஸ் பதிப்பை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஃபேனை மாற்ற வரும்போது அதையும் பேசிக்கொள்ளலாம்.