மருத்துவமனை நிர்வாகம்: மேற்படிப்புக்கு முன் எந்த வேலையில் சேர்வது?

கேள்வி:
வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன்; இந்த ஆண்டு நுண்ணுயிரியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலை படிக்க விருப்பம். ஆனால் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதால், அந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் கடனுக்குக் கையெழுத்திட மனம் வரவில்லை. நகரில் சில தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தபோது, வரவேற்பு மேசையிலோ இன்சூரன்ஸ் டெஸ்க்கிலோதான் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். "டிகிரி முடித்துவிட்டு பில் போடவா போகிறாய்?" என்று அம்மா வருந்துகிறார். எதில் சேர்ந்தால் நிர்வாகம் என்பது என்னவென்று புரியும்?

மறுமொழி (தனியார் மருத்துவமனைத் தரப்பிரிவு ஊழியர்):
இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சேருங்கள், தங்கையே. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன நோயாளி மாலைவரை கட்டிலிலேயே காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் டிஸ்சார்ஜ் சம்மரி (நோயும் அளித்த சிகிச்சையும் அடங்கிய சுருக்கம்) எழுதப்பட வேண்டும், மீந்த மருந்துகள் மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும், இறுதி பில் தயாராக வேண்டும், அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய் ஒப்புதல் வர வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்தது. ஆனால் சம்மரியே பிற்பகலில்தான் கைக்கு வருகிறது என்றால், தாமதம் மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் காகிதம் நிற்கிறது, யாரிடம் பேசினால் நகர்கிறது என்பதை அந்த மேசையில்தான் கண்கூடாகக் காணலாம். நிர்வாகம் என்பதில் பெரும்பகுதி அதுதான். வரவேற்பு மேசையில் இந்த அளவுக்கு உள்ளே பார்க்க முடியாது. அம்மாவிடம் இதையே சொல்லுங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்):
தனியார் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அம்மா. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையை பாஸ்புக்கில் கழித்துக்கொண்டு வழங்குகிறது. பல மாநிலங்கள் பின்பற்றிய இந்த ஏற்பாட்டைப் படித்துப் பாருங்கள். நிர்வாகத்தின் வீச்சு விளங்கும். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: அரசு மருத்துவமனைகளில் டீன், நிலைய மருத்துவ அலுவலர் பதவிகள் மருத்துவர்களுக்கே உரியவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணிகளே வழி.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சேர்வதற்கு முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

மறுமொழி (தரப்பிரிவு ஊழியர்):
சில மாதங்களுக்குப் பிறகு மருத்துவ ஆவணப் பிரிவுக்கோ தரப்பிரிவுக்கோ மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியமான என்ஏபிஎச்சின் தரச்சான்றுக்கான ஆய்வு நெருங்கும் காலமாக இருந்தால் அங்கு கூடுதல் கைகள் தேவைப்படும். இரவுப் பணி உண்டா என்பதையும் விசாரியுங்கள். விலகும்போது அனுபவச் சான்றிதழில் பதவிப் பெயரோடு, செய்த பணிகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சேர்க்கை நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.