படித்த பெண்கள் மதத்தை விடுகிறார்களா, மாற்றிக்கொள்கிறார்களா?

கருப்புச்சட்டை:
வளரும் நாடுகளில் பெண்களைப் படிக்க வையுங்கள், இரண்டு தலைமுறையில் மதம் தானாகக் கழன்றுவிடும். தென் கொரியா ஒரு காலத்தில் ஏழை நாடு. 2015 கணக்கெடுப்பில் அங்கே 56 சதவீதம் பேர் மதமே இல்லை என்றார்கள்.

வழிப்போக்கன்:
அவசரப்படாதீர்கள் தோழர். அதே கணக்கெடுப்பில் மதமில்லை என்றது பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம். அப்புறம், அங்கே பெண்களுக்கு முதல் நவீனப் பள்ளியைத் திறந்தவர் யார்? மேரி ஸ்க்ரான்டன் என்ற மெத்தடிஸ்ட் கிறிஸ்தவ சபை மிஷனரி. 1886-இல், ஒரே ஒரு மாணவியோடு. இன்றைய இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் அதுதான். படிப்பு மதத்தைக் கழற்றவில்லை, புது மதத்தை அல்லவா கொண்டுவந்தது?

கருப்புச்சட்டை:
மிஷன் பள்ளியில் பாடத்தோடு பைபிளும் வரும், மாறத்தான் செய்வார்கள். அரசு நடத்தும் கல்வியைச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
சரி, ஈரான். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு கல்லூரிகள் இஸ்லாமிய முறைக்கு மாறியதும், மகளை அனுப்பத் தயங்கிய பக்தியான அப்பாக்கள்கூட அனுப்பினார்கள். 2000-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

கருப்புச்சட்டை:
அப்படிப் படித்த தலைமுறைதானே 2022-இல் முக்காட்டைத் தெருவில் போட்டு எரித்தது!

தேன்மொழி:
எரித்தது சட்டம் திணித்த முக்காட்டை. தொழுகையை விட்டார்களா என்பது வேறு கேள்வி. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தை ஏதோ அரவை மிஷின் மாதிரிப் பேசுகிறீர்கள். பெண்கள் முன்னேற்றத்துக்குப் பாடுபட்ட மராட்டியப் பிராமணப் பெண் பண்டித ரமாபாய் சமஸ்கிருதம் படித்தது பள்ளியில் அல்ல, அம்மாவிடம். 1878-இல் கல்கத்தா பண்டிதர்கள் 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். சாஸ்திரம் பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது என்று தானே படித்துப் பார்த்து மனம் கசந்தவர் அவர். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கேயாவது சும்மா இருந்தாரா? தான் அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, அதைவிட எங்கள் சமஸ்கிருதம் எந்த விதத்தில் தாழ்ந்தது என்று கன்னியாஸ்திரியிடமே வாதாடினார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தையும் கேள்வி கேட்காமல் விடவில்லை.

கருப்புச்சட்டை:
ஒரு ரமாபாயை வைத்து ஊர் உலகத்தை அளக்க முடியுமா?

தேன்மொழி:
முடியாதுதான். ஆனால் கணவனின் மதமே மனைவியின் மதம் என்று இருக்கும் சமூகங்கள் எத்தனை! பதினாறு வயதில் கட்டிக்கொடுத்துப் பெயரோடு மதமும் மாறிய பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? படிப்பு கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறது. இருபத்தைந்தில் அவளைக் கேட்காமல் பெயரை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

கருப்புச்சட்டை:
கல்யாணத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கொரியா விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.