ஸ்பானிய உச்சரிப்பு: இடத்தால் மாறுவது எது, சூழலால் மாறுவது எது?

கேள்வி:
ஸ்பானிய மொழியைக் கற்று வருகிறேன். மத்ரித் வானொலியில் செய்தி வாசிப்பவர் ‘கன்சாதோ’ (களைத்தவர்) என்று தெளிவாகச் சொல்கிறார். அதே நகரத்தவர் நண்பர்களிடம் பேசும்போது அது ‘கன்சாஓ’ ஆகிவிடுகிறது. புவெனஸ் ஐரிஸ் நகரத்தவரோ, பிற இடங்களில் ‘காயே’ எனப்படும் சொல்லை (தெரு) செய்தி அறிக்கையிலும் ‘காஷே’ என்றே ஒலிக்கிறார்கள். எது வட்டார வழக்கு, எது பேச்சின் தளர்வு என்று பிரித்தறிய வழி உண்டா?

மறுமொழி 1:
ஒலியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. கவனமாகப் பேச வேண்டிய இடத்திலும் அவ்வூரார் அதைக் கைவிடாமல் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட ‘ஷ’ ஒலியே நல்ல சான்று. ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே, புவெனஸ் ஐரிஸிலும் மொண்டேவீடியோவிலும், பேராசிரியர்களும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள். மலைக்கு மேற்கே சிலி நாட்டில், ‘மூச்சோ’ (மிகுதி) என்பதை ‘மூஷோ’ என்பவர் படிப்பறிவு குறைந்தவராக எடைபோடப்படுவதால், முறையான சூழலில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

‘கன்சாஓ’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஸ்பெயினில் படித்தவர்களும் இயல்பான உரையாடலில் அப்படிச் சொல்வதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் ‘கொமீதோ’ (உண்ட) என்பதை ‘கொமீஓ’ என்றால், தெற்குப் பகுதிக்கு வெளியே அது நாட்டுப்புறத் தன்மையாகவே கேட்கிறது. ஒரே மெய் விடுபட்டாலும் ஈற்றுக்கு ஈறு மதிப்பு மாறுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மறுமொழி 2:
அசையின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொலம்பியாவில், மலைமேல் உள்ள பொகோட்டா மக்கள் அதை முழுமையாக ஒலிக்க, கரீபியக் கடலோரக் கார்தஹேனாவில் அது வெறும் மூச்சொலியாகத் தேய்கிறது அல்லது மறைகிறது. இது இடத்தால் வந்த வேறுபாடு. எனினும் கடலோரத்தவரே எழுதியதை உரக்க வாசிக்கும்போது ‘ஸ்’ ஓரளவு திரும்பி வரக் காணலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்பெயினில் பற்களிடையே நாக்கு நுனியை வைத்து எழுப்பும் ஒலி எதில் அடங்கும்? நாக்குழறிய அரசர் ஒருவரைப் பார்த்து மக்கள் பழகியது என்று ஒரு கதை சொல்கிறார்களே?

மறுமொழி 1:
அது வெறும் கட்டுக்கதை. வட, நடு ஸ்பெயின் மக்கள் ‘காசா’ (வீடு) என்பதைச் சாதாரண ‘ஸ’ ஒலியுடனும், வேட்டையைக் குறிக்கும் சொல்லை மட்டும் பல்லிடை ஒலியுடனும் சொல்கிறார்கள். நாக்குழறல் என்றால் இரண்டுமே குழறியிருக்க வேண்டும். இடைக்காலத்தில் வெவ்வேறாக இருந்த ஒலிகள் வடக்கில் ஒரு வகையாகப் பிரிந்து நிலைத்தன, செவியா வட்டாரத்தில் ஒன்றாகக் கலந்தன. 1503-இல் அமெரிக்க வணிகத்தை ஆளும் அலுவலகம் செவியாவில் அமைந்து, குடியேறிகளில் பெரும் பங்கினர் அந்நகரம் அடங்கிய தென் ஸ்பெயின் பகுதியான அந்தலூசியாவிலிருந்து சென்றதால், லத்தீன் அமெரிக்காவில் ‘ஸ’ ஒன்றே வேரூன்றியது. அங்கே எவ்வளவு முறையான மேடையிலும் எவரும் அதை மாற்றுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பல்லிடை ஒலியாகவே சொல்லும் அந்தலூசியாவின் சில ஊரார், வெளியாரிடம் பேசும்போது அதை விட்டுவிடுவதுண்டு.

மறுமொழி 3:
இடத்தாலும் சூழலாலும் அல்லாமல், அண்டை ஒலியால் மட்டுமே நிகழும் மாற்றமும் உண்டு. ‘உன் தேதோ’ (ஒரு விரல்) என்பதில் ‘ன்’ ஒலியை அடுத்த முதல் ‘த’ வன்மையாகவும், உயிர்களுக்கு நடுவே வரும் இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கும். தமிழில் ‘பந்து’, ‘அது’ ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். ஏறத்தாழ அதே விதிதான். நமக்கு இதில் தனிப் பயிற்சி தேவைப்படாது.