புதுப்பிப்பு: குளிரில் வெடிக்காத .308 தோட்டாக்கள்

மான்டனா குளிர்காலக் காலையில், நானே நிரப்பிய .308 வின்செஸ்டர் தோட்டாக்கள் சில, துப்பாக்கி ஊசியின் (ஃபயரிங் பின்) முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் பிரைமரை (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றச் சொன்னீர்கள். காரணம் பிரைமர் இல்லை.

இரண்டாம் அடியில் வெடித்தால் முதல் சந்தேகம், பிரைமர் தனக்கான குழியின் அடிவரை உட்காரவில்லை என்பதுதான். முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். அளந்து பார்த்தேன், எல்லாம் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிமட்டத்துக்கு 0.004 அங்குலம் கீழே, சரியாகவே இருந்தன. கேஸின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) அதிகமாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டாலும் அடி வலுவிழக்கும், அதுவும் இல்லை.

அப்புறம் கடையில் வாங்கிய தோட்டாக்களைக் குளிரில் சுட்டுப் பார்த்தேன். அவற்றிலும் ஃபயரிங் பின் பதித்த குழி ஆழமே இல்லை! அப்படியென்றால் கோளாறு ரைபிளில். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டும், ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும் உருளை) கழற்றினால் உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, பின்னின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. துடைத்து, ஸ்பிரிங்கையும் மாற்றினேன். இப்போது குளிரிலும் எல்லாம் முதல் அடியிலேயே வெடிக்கின்றன.

மேக்னம் பிரைமருக்கு (கூடுதல் சூட்டோடு பற்றவைக்கும் வகை) மாறுபவர்கள் அதே அளவு பவுடரைப் போடாதீர்கள், அழுத்தம் கூடும். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். குழலை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது 30 விநாடி கழித்தே போல்ட்டைத் திறங்கள்.