சாரா மாறி, சார்ந்த மாறி: எது எதுன்னு எப்படிப் புரிய வைக்கிறது?

கேள்வி:
என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. கருதுகோள், மாறி, கட்டுப்பாட்டுச் சோதனை எல்லாத்துக்கும் வரையறை கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறா, ஆனா ஒரு சோதனையச் சொல்லி இதுல சாரா மாறி எதுன்னு கேட்டா முழிக்கிறா, எனக்கும் சொல்லித்தரத் தெரியல. கருதுகோள்னா சும்மா ஊகம்தானா?

பதில் 1:
புத்தகத்த மூடி வச்சுட்டு ஒரு நூலுல இரும்பு நட்டு ஒண்ணக் கட்டித் தொங்கவிடுங்க, ஊசல் ரெடி. மேல் முடிச்சுலேருந்து நட்டோட நடு வரைக்கும் 25 செ.மீ. இருக்கட்டும். லேசா ஆட்டிவிட்டு, போய்ட்டுத் திரும்பி வர்றத ஒரு அலைவுன்னு வச்சு 10 அலைவுக்கு நேரம் பாக்கச் சொல்லுங்க, கிட்டத்தட்ட 10 செகண்ட் வரும். நீளத்த 1 மீட்டர் ஆக்குனா 20 செகண்ட். நீளத்த மாத்துனது அவ கை, அது எதையும் சாரல, சாரா மாறி. நேரம் நீளத்தச் சார்ந்து தானா மாறுச்சு, சார்ந்த மாறி. பேருலயே விடை இருக்கு பாருங்க! ஒரே ஒரு அலைவ மட்டும் அளக்காதீங்க, ஸ்டாப்வாட்ச அமுக்குறதுல வர்ற தாமதமே பெரிய பிழையாயிடும்.

பதில் 2:
கருதுகோள் வெறும் ஊகம் இல்லங்க, சோதிச்சுப் பாத்து தப்புன்னு காட்ட வழி இருக்கணும். "நட்டு கனமானா ஊசல் வேகமா ஆடும்"ங்கிறது நல்ல கருதுகோள், தப்பா போனாலும் நோட்டுல அப்படியே இருக்கட்டும், அழிக்க விடாதீங்க.
கட்டுப்பாட்டுச் சோதனைக்கு பிரான்செஸ்கோ ரெடிங்கிற மருத்துவர் செஞ்ச சோதனையச் சொல்லுங்க. 1668ல இத்தாலியில அவரு, அழுகுன இறைச்சியிலேருந்து புழு தானா பிறக்குதுன்னு எல்லாரும் நம்புனத சோதிக்க, சில ஜாடிய திறந்து வச்சாரு, சிலத மெல்லிய துணியால மூடுனாரு. ஈ உக்கார முடிஞ்ச திறந்த ஜாடி இறைச்சியிலதான் புழு வந்துச்சு. அந்தத் திறந்த ஜாடிதான் கட்டுப்பாடு, அதாவது ஒப்பிட்டுப் பாக்க வச்சது, அது இல்லன்னா மூடுனதுல புழு வராததுக்குத் துணிதான் காரணம்னு எப்படிச் சொல்றது?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, நேத்தே செஞ்சு பாத்தோம். ஆனா ரெண்டாவது நட்டு கட்டுனதும் நேரம் கூடிடுச்சு, கனம் கூடுனா மெதுவா ஆடும்னு எழுதப் போறா, சரியா?

பதில் 1:
ரெண்டாவத முதல் நட்டுக்குக் கீழ தொங்கவிட்டிருப்பா. அப்போ கனத்தோட ஊசல் நீளமும் சேந்து கூடிடுச்சு, ரெண்டு மாறி ஒரே நேரத்துல மாறிடுச்சு. ரெண்டு நட்டையும் ஒரே உயரத்துல ஒட்டிக் கட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்க.