மே மாத ஞாயிறுகளில் மதுரையைச் சுற்றி எங்கே போகலாம்?

வில்லாபுரம் அம்மு:
பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. மூத்தவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. கோடை என்றாலே எங்களுக்குக் கொடைக்கானல்தான், ஆனால் இந்த முறை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, அதுகூடப் பெரிய விஷயமில்லை, சீசனில் ரூம் வாடகையும் மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்பதும்தான் தாங்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி இடம் சொல்லுங்கள். கார் கிடையாது, பஸ் அல்லது ரயில். கூட வரும் என் அம்மாவுக்கு முழங்கால் வலி, நிறையப் படி ஏற முடியாது. மீனாட்சியம்மன் கோயில், மகால் இரண்டும் பிள்ளைகள் பார்த்தாகிவிட்டது.

நாகமலைக்காரன்:
அக்கா, கத்திரி வெயிலில் நாள் முழுக்க வெளியே சுற்றுகிற திட்டம் வேண்டாம். விடியற்காலையில் மலையடிவாரம், பத்து மணிக்கு மேல் கூரைக்குக் கீழே. இப்படிப் பிரித்துக்கொண்டால் மதுரையிலேயே பார்க்க அவ்வளவு இருக்கிறது.

முதல் ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலை. ஆறு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள், அம்மா அங்கே நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். நீங்கள் பிள்ளைகளோடு பேச்சிப்பள்ளம் வரை ஏறுங்கள். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் அந்த எழுத்தைக் காட்டி, இதுவும் தமிழ்தான் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சிற்பத்தைத் தொட வேண்டாம், பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஒன்பதரைக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும், இறங்கிவிடுங்கள். அப்புறம் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. மதிய வெயில் முழுவதையும் அங்கேயே கழித்துவிடலாம். லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை.

ஒத்தக்கடை வாசகர்:
நாகமலைக்காரர் சொன்ன முறை சரி. ஆனால் முழங்கால் வலி உள்ளவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் மலை ஏறுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவரும் பார்க்கத்தானே வருகிறார். யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயிலுக்குப் போங்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தது, கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. மலை ஏற வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து பக்கம்தான்.

அடுத்த வாரம் அழகர்கோயில். நகரத்திலிருந்து ஏறக்குறைய 21 கி.மீ. மேலே பழமுதிர்சோலைக்கும் நூபுரகங்கைக்கும் போகக் கோயில் வண்டி உண்டு, அம்மா நடக்க வேண்டாம். கையில் பழப்பை வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கும், சின்னவன் பயந்துவிடுவான். இறங்கி வந்ததும் அழகர் கோயில் தோசைப் பிரசாதம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அரிட்டாபட்டி பற்றியும் யாராவது சொல்வார்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், எனக்கு உயிர். ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம், அதை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போடி ரயில்:
ரயில் என்றீர்களே, மதுரை-போடி பாசஞ்சரை யாரும் சொல்லவில்லையே! அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, தேனி வரைக்கும் மறுபடி வர 2022 ஆகிவிட்டது, போடிக்கு 2023-ல்தான் போய்ச் சேர்ந்தது. அத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். காலையில் மதுரையில் ஏறினால் உசிலம்பட்டி தாண்டியதும் மலை நெருங்கி வரும், ஆண்டிபட்டிக் கணவாயில் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஆண்டிபட்டியில் இறங்கி வைகை அணைக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பலாம். 1959-ல் திறந்த அணை, முழு நீர்மட்டம் 71 அடி. நாம் குடிக்கிற தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மதுரைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மதியத்தில் பூங்காவில் நிழல் தேடி உட்காருங்கள், வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது.

குட்லாடம்பட்டி அருவி, குற்றாலம் இரண்டும் மே மாதத்தில் வேண்டாம். குற்றாலச் சீசன் ஜூனில்தான் தொடங்கும், இப்போது போனால் வெறும் பாறை.

வில்லாபுரம் அம்மு:
எல்லோருக்கும் நன்றி. நரசிங்கம்தான் முதலில், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கீழடி பற்றி யாரும் எழுதவில்லையே, வெயிலுக்கு ஆகாதா?

நாகமலைக்காரன்:
தாராளமாகப் போகலாம் அக்கா. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், பொருள்கள் எல்லாம் உள்ளே நிழலில்தான். சிலைமான் தாண்டியதும் வந்துவிடும், ஏறக்குறைய 12 கி.மீ. பெயர் கீறிய பானை ஓடுகளையும் விளையாட்டுப் பகடைகளையும் சின்னவனுக்குக் காட்டுங்கள். ஞாயிறு மதியம் கூட்டம் சேரும், திறந்ததும் உள்ளே போய்விட்டால் நின்று பார்க்கலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடையாது, வருகிற முதல் வண்டியில் ஏறாமல் அதைப் பார்த்து ஏறுங்கள்.