பதினோராம் மணி வேளை

என் கணவர், இவர் 12 வருடம் பார்த்த வேலை, கம்பெனியை மூடியதோடு போனது. அடுத்த 14 மாதமும் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. மூன்று மாத ஒப்பந்தம், லீவில் போனவருக்குப் பதில் பதினைந்து நாள், கூப்பிட்டால் நைட் ஷிப்ட். ஞாயிறும் போனார். நாளைக்கு வேலை உண்டா என்பதுதான் எந்த நாளும் தெரியாது.

நான் ஒரு நோட்டு போட்டேன். விண்ணப்பித்த ஒவ்வொரு இடத்தின் பெயரையும் எழுதி, அதைச் சொல்லியே ஜெபம் பண்ணுவேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, கர்த்தருக்கே பட்டியல் கொடுத்திருக்கிறேன். ஆறு வயது மகள் மட்டும் குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரே வரிதான் சொல்வாள்: “இயேசப்பா, அப்பாவுக்கு ஞாயித்துக்கெழம லீவு குடுங்க.” வேலையே இல்லாதவருக்கு லீவா என்று நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒன்பதாவது மாதம் ஒரு இடத்தில் கடைசிச் சுற்றுவரை போனார். மெடிக்கல் டெஸ்ட்டும் முடிந்தது. உபவாச ஜெபம் இருந்தேன். நோட்டில் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம்கூடப் போட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் போன் வந்தது: வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இவர் “சரிங்க சார், நன்றி சார்” என்று வைத்துவிட்டு, அயர்ன் பண்ணி வைத்திருந்த சட்டையை எடுத்து மறுபடி பீரோவில் மாட்டினார். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று முழங்கால் மடங்கவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று ராத்திரி ஜெபத்தை அத்தைதான் நடத்தினார்கள். மத்தேயு 20, இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் உவமை: காலையிலேயே வந்தவர்களுக்கும் கடைசியில் பதினோராம் மணிக்கு வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். எத்தனையோ பிரசங்கம் கேட்ட பகுதி. எல்லாரும் பேசுவது முதலில் வந்தவர்களின் முறுமுறுப்பைத்தான். எனக்கு அன்று கடைசியில் வந்தவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். பதினோராம் மணி என்றால் அவர்கள் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில். இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது சாயும். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் சந்தைவெளியில் நின்றுகொண்டிருக்கிறார்கள்! அன்றாடக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேதத்தில் உபாகமம் 24 சொல்கிறது, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்பதால். வெறுங்கையோடு போக முடியாத ஆட்கள் அவர்கள். பீரோ பக்கம் பார்த்தேன். என் வீட்டிலும் ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு நோட்டை எடுக்கவில்லை. “இவரை அங்கேயே நிற்க வையுங்க ஆண்டவரே” என்று மட்டும் கேட்டேன்.

மேலும் ஐந்து மாதம் போனது. பழைய கம்பெனியில் இவரிடம் வேலை பழகிய ஒரு தம்பி போன் பண்ணினார். “அண்ணே, மெயின்டனன்ஸ்ல ஆள் கேக்குறாங்க, உங்க பயோடேட்டாவைக் குடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.” அதை இவரிடம் அவர் வாங்கி வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதாவது நான் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாளில் அந்தக் காகிதம் அவர் பையில்தான் இருந்திருக்கிறது. நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். 41 பெயர். இந்த இடம் அதில் இல்லை.

சம்பளம் பழையதைவிடக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலை. ஆர்டரை இவர் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, வார விடுமுறை ஞாயிறு என்ற இடத்தில் நிறுத்தினார். மகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அதான் நான் கேட்டேனே” என்றாள்.

எங்களோடு சேர்ந்து ஜெபித்த இன்னொரு குடும்பத்துக்கு இன்னும் வழி திறக்கவில்லை. எங்களுக்கு முன்பிருந்தே கேட்கிறார்கள். ஏன் என்று என்னிடம் பதில் இல்லை, அந்த அக்கா முன்னால் என் சாட்சியைச் சொல்ல வாயும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருகிறோம். அந்த அண்ணனுடைய பயோடேட்டா இரண்டு பிரதி, இவர் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் இருக்கிறது.